சூடான பானட்

ருஸ்தாவி கார்ச் சந்தை. காலை எட்டு. உறைபனி.
வெள்ளிநிற ஹோண்டாவின் பானட்டில்
கையுறை கழற்றிக் கைவைத்தாள் த்சியாலா.
வெதுவெதுப்பு.
“நாம் வருமுன்பே யாரோ இதை எழுப்பிவிட்டார்கள்.”
மல்காஸ் அதன் பளபளப்பில்
முகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி வரிசையில் ஒரு டொயோட்டா,
தலைநிறையப் பனியோடு.
சூரியகாந்தி விதை கொறித்தபடியே சொன்னான் விற்பவன்:
“இடப்பக்கம் பின்ஜன்னல் இறங்காது.
ஹீட்டர் பத்து நிமிஷம் யோசிக்கும்.”

சாவியைத் திருகினாள்.
இரண்டு இருமல்,
அப்புறம் பிசிறில்லாத மூச்சு.
இரட்டையர் பின்னால் ஏறிய கையோடு
ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டார்கள்,
அதே இறங்காத ஜன்னலுக்கு.
சீட்டு இடுக்கில் எந்த ஊர்க் குழந்தையுடையதோ
ஒற்றைச் சாக்ஸ்.
அதைக்கொண்டே கண்ணாடி துடைத்தாள்.

திரும்பும் வழியெல்லாம்
ஹோண்டாவின் நிறத்தையே பேசிவந்தான் மல்காஸ்.
பதினோராவது நிமிஷம்
ஹீட்டர் ஊதியது.