அளந்த இடம்

கிளைப்பேதா மரபணு மருத்துவமனையில்
கொள்முதல் மேசை என்னுடையது.
நாற்பதாயிரம் குழந்தைகளின் குருதிக் கணக்குக்கு
ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

வில்னியுஸிலிருந்து வந்தவர்
இருநூற்று ஐம்பத்தாறு பிட் என்றார்.
நூற்றிருபத்தெட்டு போதாதா?
போதும், சூரியன் அணையும்வரை போதும்,
ஆனால் பெரிய எண்தான் விற்கிறது, என்றார்.
நேர்மையான மனிதர்.
பெயரைக் குறித்துக்கொண்டேன்.

பதிவேட்டு அறையின் தைவா மட்டும்
வேறு கேள்வி கேட்டாள்:
இந்த ரகசியம் எத்தனை வயதுவரை வாழவேண்டும்?

ரூத்தா. பிறந்து நான்கு நாள்.
தந்தைவழி வந்த ஒரு நடுக்கம்
நான்காம் குரோமோசோமில் காத்திருக்கிறது.
அவளுக்குத் தொண்ணூறு ஆண்டு வைத்துக்கொள்.
அவள் பெறப்போகும் பிள்ளைக்கு
அதில் பாதிக்குப் பாதி வாய்ப்பு.
இன்னும் பிறக்காத கணினிகளும்
பூட்டின் வலிமையைப் பாதியாக்குமாம்.
பாதி போனாலும் மீதி நிற்கட்டும்.
பெரிய எண்ணையே எழுதினேன்,
விற்பவர் சொன்ன காரணத்துக்காக அல்ல.

அடுத்தது சான்றிதழ்.
முத்திரை இருப்பது 3.1க்கு.
3.1இல் ஓட்டை இருப்பது
டிசம்பரிலேயே தெரிந்துவிட்டது.
அடைத்துவிட்டார்கள், அது 3.2.
அதற்கு முத்திரை வர
அடுத்த இலையுதிர்காலம் ஆகும்.
தணிக்கைக்குக் காகிதம் வேண்டும்
என்கிறார் இயக்குநர் ஜில்வினாஸ்.
ஓட்டையோடு ஒரு காகிதம்.
காகிதமில்லாமல் ஒரு சுவர்.

ஞாயிற்றுக்கிழமை காயல் உறைந்திருந்தது.
வெள்ளரிக்காய் வாசனை வீசும் சின்ன மீனுக்காக
மைத்துனர் ஸ்கிர்மந்தாஸுடன் போனேன்.
கரையில் தீயணைப்புத் துறையின் பலகை:
பனி பதினேழு சென்டிமீட்டர்,
காலை எட்டு மணி, இறங்குதுறை அருகே.
அவர் நின்று, முழுதும் படித்தார்.
பலகை இல்லையென்றால்
இறங்கியிருக்கவே மாட்டாராம்.
பிறகு ஐம்பது அடிக்கு ஒருமுறை
துளையிட்டு அளந்தபடி நடந்தார்.
பதினாறு. பதினைந்து.
ஓரிடத்தில் ஒன்பது.
ஒன்றும் சொல்லாமல் இடப்பக்கம் திரும்பினார்.
விழுந்தால் பற்றி ஏற
இரண்டு இரும்பு ஊசிகள்
அவர் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

திங்களன்று படிவத்தில் 3.2 என்று எழுதினேன்.
சான்றிதழ் கட்டத்தில்:
'அளந்தது நேர்மையாக.
அளந்த இடத்தில் நாம் இப்போது இல்லை.'

மாலையே திரும்பி வந்தது,
கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
வரிகளை மாற்றாமல்
ஓட்டையின் அறிக்கையைப் பின்னால் இணைத்து
மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

ரூத்தாவுக்கு இன்று பதினோரு நாள்.