பதினேழாம் இரவு

பெருங்கதை தொடங்கி நேற்றுப் பதினேழாம் நாள்.
ஒருநேரச் சோறு, இடக்கையில் இருபத்தோரிழைக் காப்பு,
மடியில் நாலு யானைவெடி, அதில் இரண்டு ஈரம்.
முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்காலுக்கு அப்பால்
மருதமரத்துப் பரணில் நான் இருந்தேன், பிள்ளையாரே.
நீ எங்கே என்று கேட்கவில்லை.
வரப்பு முடிகிற இடத்தில், பாலை மரத்தடியில்,
அரைச்சாக்குச் சீமெந்தில் நானே கட்டின மேடையில் இருக்கிறாய்.
வாய்க்கால் வெட்டின மெசின் கிளப்பிப்போட்ட கல்.
முகமில்லை. தும்பிக்கை மாதிரி ஒரு சரிவு,
அதுவும் பின்னேர வெயிலில் பார்த்தால்தான்.

இதில் ஒரு பகிடி இருக்கிறது, உனக்கும் தெரியும்.
என் வயலைத் தின்ன வருவதும்
உன் முகத்தோடுதான் வருகிறது.
போன வெள்ளி உன்னைக் கும்பிட்ட கையாலேயே
வெடி கொளுத்தி எறிந்தேன்.
கோபமா?
கோபமென்றால் நீயும் ஒரு போகம் செய்து பார்.
இரண்டரை ஏக்கர், குத்தகை.
அடைவில் கிடக்கிறது தாலிக்கொடி.
செவ்வாய்தோறும் படலையில் மோட்டார்சைக்கிளை நிறுத்திக்
கொப்பியைத் திறக்கிற லோன் பொடியன்.
படிவங்களில் கணவர் பெயரை எழுதிவிட்டு
பக்கத்துக் கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல்
பேனையைத் திருப்பிக் கொடுக்கிறவள் நான்.

அடுத்த பரண் அந்தோனிப்பிள்ளை அண்ணருடையது.
அவருக்கு மடுமாதா, எனக்கு நீ,
யானைக்கு இரண்டு வயலும் ஒன்று.
மணிக்கொருதரம் அவர் "ஓய்" என்பார்.
நானும் "ஓய்" என்பேன்.
நித்திரையில்லை, விழவில்லை, பாம்பு தீண்டவில்லை,
எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்.

நேற்று அவர் இல்லை.
எலிக்காய்ச்சலாம், மாங்குளம் ஆஸ்பத்திரியில்
மறித்துப்போட்டார்கள்.

ஒரு மணி இருக்கும்.
முதலில் தவளைகள் நின்றன.
பிறகு கொப்பு முறிகிற சத்தம்.
பிறகு அந்த மணம்.
மூன்று. ஒன்று குட்டி.
முதல் வெடி சீறி அணைந்தது.
இரண்டாவதில் திரியே பற்றவில்லை.
மூன்றாவதை எடுக்கமுன்
பெரியது பரணுக்குக் கீழே நின்று
மரத்தில் முதுகை உரஞ்சத் தொடங்கிவிட்டது.
என் பற்கள் ஆடின, மரத்தோடு.

பெருங்கதையில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை.
பதினேழு நாள் விரதம், ஒரு வரி வரவில்லை!
வாயில் வந்தது
"ஓய்".
சத்தமாய்க்கூட இல்லை. பழக்கத்தில் வந்தது.

பதில் வரவில்லை.
யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன், வரவில்லை.
யானை அசைந்து வடக்கு மூலைக்குப் போய்
குடலை நெல்லை ஆறுதலாய்ப் பிடுங்கி
முழங்காலில் தட்டி, மண் உதறித் தின்றது.
குட்டி சேற்றில் விழுந்து, எழும்பி, வேண்டுமென்றே
திரும்பவும் விழுந்தது.
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஆரோ இருந்து பார்த்தார்கள்.
எப்படிச் சொல்ல?
இரவு பஸ்ஸில் அருகே ஒருவர் வந்து இருந்தால்
திரும்பாமலே தெரியுமே, அந்தப் பாரம்.
பரண் பலகை ஒருபக்கம் தாழ்ந்தமாதிரி.
நடுக்கம் நிற்கவில்லை.
ஆனால் தனியாய் நடுங்கவில்லை.

விடிய இறங்கி அடியால் அளந்தேன்.
கால் ஏக்கர் போய்விட்டது.
உன் மேடையிலும் ஒரு மூலை உடைந்து கிடந்தது.
உன்னையும் விடவில்லை அது.
சிரித்தேன், பிறகு அழுதேன்,
பிறகு ஈர வெடிகளைத் தகரத்தில் காயப்போட்டேன்.

செவ்வாய் வரும். கொப்பி திறக்கும்.
இன்னும் நாலு நாள் விரதம்,
இரண்டேகால் ஏக்கர் காவல்.
பொழுதுபட ஏறுவேன்.
அண்ணர் சுகமாகி வரும்வரை
மணிக்கொருதரம் "ஓய்" என்பேன்.
நீ பதில் சொல்லவேண்டாம்.
பலகையில் கொஞ்சம் தள்ளி இரு,
வெடிப்பெட்டி வைக்க இடம் விட்டு.