இது பில் அல்ல

பால் பற்களுக்கு எண் கிடையாது, எழுத்துதான்.
எழுத்து விழுந்த இடத்தில் பிறகு எண் முளைக்கும்.
மேபல் கோசிச்சுக்கு ஆறு வயது.
அவள் வலியின் பெயர் ‘கே’:
கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசி.

மொன்டானாவில், மலைமேல் ஒரு சுரங்க ஊரில்,
பல் மருத்துவமனைக் கண்ணாடிக்குப் பின்னால்
பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு பல்லையும் தொட்டதில்லை.
பல்லுக்கான காசைத் தொடுகிறேன்.

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.
எல்வுட் கோசிச் பனி வாரும் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு
உப்புத் தண்ணீர் சொட்டும் பூட்ஸோடு வந்தார்.
கையில் கிழித்த உறை.
“அறுநூற்று நாற்பது டாலர். நான் எங்கே போவேன்?”
தாளின் தலையில் கொட்டை எழுத்தில் இருந்ததைக் காட்டினேன்:
இது பில் அல்ல.
“பின்னே என்ன?”
விளக்கம், என்றேன்.
“அப்படியானால் விளக்குங்கள்.”

சுத்தம் செய்தால் நூற்றுக்கு நூறு.
அடைத்தால் எண்பது,
அதுவும் முதல் ஐம்பது டாலர் உங்கள் கைக்காசு கரைந்த பிறகு.
எஃகுத் தொப்பி போடுவது ‘பெரிய வேலை’. அதற்குப் பாதி.
ஆனால் பாலிசிக்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும்.
நீங்கள் வேலை மாறியது அக்டோபரில்.
ஏப்ரல் ஒன்றாம் தேதி வாருங்கள்.

“பல்லிடம் சொல்லிப் பார்க்கிறேன்” என்றார்.
சிரிக்கவில்லை.

மேபல் மீன் தொட்டியின் குளிர்ந்த கண்ணாடியில்
வீங்கிய கன்னத்தை வைத்து நின்றாள்.
மீன் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

மாநிலத்தின் குழந்தைகள் திட்டம் முழுதும் கொடுக்கும்.
போன் செய்தேன். இருபத்தெட்டு நிமிடம் பியானோ.
பிறகு ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் குரல்:
வரம்பைத் தாண்டிவிட்டார், நாற்பத்தொரு டாலர்.
ஜனவரியில் ஓவர்டைம் போலிருக்கிறதே?

ஜனவரியில் ஊரே பனிக்குள் கிடந்தது.
நான் இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்த சாலையை
விடிகாலை மூன்று மணிக்கு வாரி வைத்தவர் அவர்தான்.
வானம் கொட்டியதெல்லாம்
அவர் வருமானக் கணக்கில் ஏறியிருந்தது.

“விழப்போகிற பல்தானே” என்றார் தரையைப் பார்த்து,
யாரோ சொல்லிக் கொடுத்ததைப் போல.
விழும், என்றேன், இன்னும் ஐந்து வருடத்தில்.
அதுவரை அதை வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன்.
இன்று செய்துவிட்டு, ஏப்ரலில் செய்ததாக எழுதலாம்.
என் விரல்களுக்கு அந்த வழி தெரியும்.
எழுதவில்லை.
அது நேர்மையா பயமா என்று
இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

டாக்டர் ஹல்வர்சன் அறை வாசலில் போய் நின்றேன்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல், “முன்னூற்றுப் பன்னிரண்டு” என்றார்.
மாதம் இருபத்தாறு, பன்னிரண்டு தவணை.
தவணைப் படிவம் சொத்து விவரம் கேட்டது.
ஒரு பழைய பிக்கப், அதுவும் கடனில், என்று அவர் எழுதினார்.
சொத்தை விவரத்தை நான் எழுதினேன்.

ஏப்ரல் ஒன்று. வெளியே இன்னும் பனி.
காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதாக
கம்பெனியிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது,
வாழ்த்துகளோடு.
மேபல் என் கண்ணாடிமுன் வாயை அகலத் திறந்தாள்.
உள்ளே ஓர் எஃகுப் பொட்டு மின்னியது.
“அப்பா வாங்கித் தந்தது” என்றாள்,
கொலுசைக் காட்டுவது போல.

மூன்றாம் தவணை. ஈரமான நோட்டுகள்.
மீதி இருநூற்று முப்பத்து நான்கு என்று அச்சடித்துக் கொடுத்தேன்.
இது ரசீது, எல்வுட். பில் அல்ல.
அவர் தலையாட்டினார்.
மடிப்பதற்கு முன்
பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று
ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.