வாத்து

வலது கையில் ஒரு ரப்பர் வாத்தைத் தந்தார்கள்.
மஞ்சள் நிறம். குழந்தைகள் குளிக்கும்போது மிதக்கவிடுவது.
சொல்லும்போதெல்லாம் அமத்து, என்றாள் மரிசெல்.
கீச்.
நல்லது, இடப்பக்க மூளை வீட்டில்தான் இருக்கிறது.

என்னை மயக்கவில்லை.
விழித்திருந்தால்தான் தெரியுமாம்
எது போகிறதென்று.

இடது கழுத்து. நூற்றுக்கு எண்பது அடைப்பு.
போன தை மாதம், வினிப்பெக் நீதிமன்றத்தில்,
சாட்சி சொன்ன ஒரு சொல்லை
இங்கிலீசுக்குக் கொண்டுபோகும் வழியில்
ஏழு நிமிடம் தொலைத்துவிட்டு நின்றேன்.
பெரிய சொல் ஒன்றுமில்லை. கதவு.
நீதிபதி தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

முதலில் குடை, என்று விளக்கியிருந்தார் டொக்டர் கொவல்சுக்.
தொடையால் ஏறி, மடித்தபடியே நெருக்கலைக் கடந்து
மண்டையோட்டு வாசலுக்குக் கீழே விரியும்.
இரத்தம் போகும், துகள் தங்கும்.
அதன் பிறகுதான் பலூன்,
அதன் பிறகுதான் கம்பிவலைக் குழாய்.

குடை கடக்கிற நேரத்திலேயே
ஒரு துகள் பெயர்ந்தால்?
அவர் பொய் சொல்லவில்லை.
அதுக்குக் குடை இல்லை, என்றார்.
அந்த வரிக்குக் கீழேதான் கையெழுத்து வைத்தேன்.

காலையில் ரேடியோ சொன்னது:
ரெட் ரிவரில், செல்கேர்க் பக்கம்,
பனி உடைக்கும் இயந்திரத்தை இறக்கிவிட்டார்கள்.
உடைக்காவிட்டால் வெள்ளம்.
உடைத்த கட்டி பாலத்தில் சிக்கினாலும் வெள்ளம்.
நான் சத்தத்தைக் குறைத்தேன்.

'பலூன்' என்றது ஒரு குரல்.
இதயம் ஒரு படி தவறி இறங்கியது.
இருமல். யாரோ ஊசிமருந்து கேட்டார்கள்.
வாத்து!
கீச்.
ஏதாவது பேசு, எந்த மொழியென்றாலும் பரவாயில்லை.

இருபத்தாறு வருடம் மற்றவர்களின் வாயாக இருந்தவளுக்குச்
சொந்தமாய்ச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
துகளா, கூச்சமா?
திரையைப் பார்த்தபடி எல்லோரும் காத்திருந்தார்கள்.

கதவு, என்றேன்.
திறப்பு. ஆமைப்பூட்டு. நிலை. படி.
படியில் செருப்பு. செருப்பில் சேறு.
மரிசெல் ஒன்றும் விளங்காமல்
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

குடையை மடித்து வெளியே எடுத்து
வெள்ளைத் துணியில் தட்டிக் காட்டினார்கள்.
நாலு துணுக்கு. பெரியது கடுகில் பாதி.
இது எதற்குப் புறப்பட்டது?
என் மகனின் பெயருக்கா, ஏழாம் வாய்ப்பாட்டுக்கா,
'வேண்டாம்' என்று சொல்ல எனக்கிருக்கும்
இரண்டு மொழிகளில் ஒன்றுக்கா?
துணியைச் சுருட்டி வாளியில் போட்டாள்.
வாத்தை நீயே வைத்துக்கொள், என்றாள்.

இரவு, திரைச்சீலைக்கு அப்பால் படுத்திருந்தவர்
எரிச்சலோடு கேட்டார், என்ன அந்தச் சத்தம்?

மன்னிக்கவும், என்றேன். இங்கிலீசில்.
பிறகு, போர்வைக்குள் வைத்து,
இன்னும் ஒருதடவை.