விழாத அம்பாரம்

வாலிநோக்கம் கிளை நூலகத்துக்கு
யாரோ அனுப்பிய அட்டைப்பெட்டியில்
மலையேற்றப் பாதுகாப்பு பற்றி மூன்று புத்தகங்கள்.
இந்தப் பக்கம் உயரமென்றால்
தண்ணீர்த் தொட்டி, கைப்பேசிக் கோபுரம்,
ராமேஸ்வரத்தில் ஒரு மணல்மேடு,
அதற்குப் பெயர் பர்வதம்.
குளிரென்றால் மார்கழியில் நாலு நாள்.

இரண்டு வருஷம் யாரும் தொடவில்லை.
என் மைத்துனன் நம்புவேல் மட்டும் ஒருமுறை புரட்டினான்.
கயிறு முடியும் படங்கள்.
ஒன்றின் கீழே 'மீனவர் முடிச்சு' என்றிருப்பதை
வாசித்துச் சொன்னேன்.
உற்றுப் பார்த்தான்.
"எந்த ஊரு மீனவன்?"

களஞ்சியம் வந்தது கண்ணுக்காக.
பதினோரு வருஷம் உப்பளத்தில்.
சாயங்காலமானால் கண்ணுக்குள்
மணலை அள்ளிப் போட்ட மாதிரி, என்றாள்.
கண் வைத்தியப் புத்தகம் இல்லை.
பனியில் வெயில் தெறித்துப்
பார்வை எரிவது பற்றிப் பத்துப் பக்கம் இருந்தது.
தமிழில் சொல்லச் சொல்ல,
பனி என்று வந்த இடத்திலெல்லாம்
"உப்பு" என்று திருத்திக்கொண்டே வந்தாள்.
கறுப்புக் கண்ணாடிக்கு வழியில்லையென்றால்
கண்ணுக்குக் கீழே கரி பூசலாமாம்.
மறுநாள் பூசிக்கொண்டு போயிருக்கிறாள்.
திருஷ்டிப் பொம்மை என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த அத்தியாயத்தை அவளே கண்டுபிடித்தாள், படத்தில்:
பனிச்சரிவின் குறுக்குவெட்டு.
மேலே இறுகிய ஓடு, உள்ளே உதிரி,
அடி பறிந்தால் மொத்தமும் இறங்கும்.
"மழை பெஞ்ச மறுநா
அம்பாரம் இப்படித்தாங்க நிக்கும்."
புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கோடை மழைக்கு அடுத்த காலை
அடியில் பறிக்கச் சொன்னார் கங்காணி சவரிராயன்.
மாட்டேன் என்றாள்.
"இதென்ன இமயமலையா?"
அவளும் இன்னும் ஆறு பேரும்
உச்சியிலிருந்து வெட்டி இறக்கினார்கள்.
அரை நாள் கூலி போயிற்று.
அம்பாரம் விழவில்லை.
அதுதான் அவளுக்கு வந்த கஷ்டம்.
விழாத ஒன்றுக்கு
யார் வந்து சாட்சி சொல்வார்கள்?
அரை நாள் கூலியை ஆறு வீடுகளும்
ஆடி வரைக்கும் சொல்லிக்காட்டின.

நாற்பத்தொரு நாள் தாமதமாய்ப்
புத்தகம் திரும்பியது, அட்டையில் உப்புப் பூத்து.
நூற்றெண்பத்தேழாம் பக்கம் இல்லை.
அபராதம் எழுதப் பேனாவைத் திறந்தேன்.
முந்தானை முடிச்சை அவிழ்த்துச்
சில்லறையை எண்ண ஆரம்பித்தாள்.
மூடிவிட்டேன்.

போன வாரம் சைக்கிளில் அளத்துப் பக்கம் போனேன்.
தகரக் கொட்டகையில்
குடிதண்ணீர்க் குடத்துக்கு மேலே
பாலிதீன் உறைக்குள் அந்த மலை.
கீழே கரியால் யாரோ எழுதியிருந்தார்கள்,
களஞ்சியத்தின் கையெழுத்தில்லை:
'அடியில பறிக்காதே.'