பெட்டியின் காய்ச்சல்

கராகோலில், பல் மருத்துவமனைக்கு மேலே
மூன்றாம் மாடி. எங்கள் கம்பெனி.
ஊரின் இணையம் முழுக்க
ஒரு வடத்தில் உள்ளே வந்து
இன்னொரு வடத்தில் வெளியே போகிறது.
நடுவில் நான், ஒரு மின்கணப்பு, ஒரு தேநீர்க் கெண்டி.

அக்டோபரில் இரண்டு பேர் பெட்டியோடு வந்தார்கள்.
சாம்பல் நிறம்.
திருகாணித் தலைகளில் சிவப்பு மெழுகு.
வாசலில் காலணியைக் கழற்றவில்லை.
“சட்டம்” என்றார் ஒருவர்.
மற்றவர் பில்லை நீட்டினார்.
ஆமாம், பில்.
நம்மைக் கேட்கிற காதை நாமேதான் வாங்க வேண்டுமாம்.
முதலாளி தொல்குன்பெக் தவணையில் கட்டினார்,
புத்தாண்டில் சந்தாவில் ஏற்றினார்:
முப்பது சோம்.
ஊர் முணுமுணுத்தது, கட்டியது.

எனக்குச் சாவி கிடையாது. திரை கிடையாது.
யார், எவரோடு, எத்தனை மணிக்கு,
ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டேன் என்று
நான்கு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.
மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்,
விசிறியில் தூசு துடைக்க வேண்டும்,
அவ்வளவுதான் என் வேலை.

துடைத்தபோது புறங்கை பட்டது.
சூடு.
மறுநாள் தொட்டேன், இல்லை.
சந்தையில் மீன்தொட்டிக்கு விற்கிற வெப்பமானி ஒன்றை
வாங்கி வந்து பக்கவாட்டில் ஒட்டினேன்.
கூடாதென்று அந்த நான்கு தாளில் எங்கும் இல்லை.

அன்றிலிருந்து அதை நான் படிக்கிறேன்.
சும்மா கிடந்தால் முப்பத்தொன்று.
காது கொடுத்தால் முப்பத்தாறு.
நிலக்கரி விலை ஏறிய வாரம் முப்பத்தெட்டு.
நூருஸ் அன்று ஊரே ஊருக்கு வாழ்த்து அனுப்பியது,
முப்பத்தொன்றைத் தாண்டவில்லை.
ஒரு செவ்வாய், காரணமே இல்லாமல்,
விடியற்காலை இரண்டு மணிக்கு நாற்பது.
யாரோ யாரையோ காதலிக்கிற நேரம்,
இல்லையென்றால் கடன் கேட்கிற நேரம்.
எனக்கென்ன தெரியும்.

மாஸ்கோவில் டாக்சி ஓட்டும் தம்பியிடம்
ஒரு கண்ணை வெப்பமானியில் வைத்துக்கொண்டே பேசினேன்.
முட்டைக்கோஸ் விலை சொன்னேன்.
அசையவில்லை.
மந்திரியைத் திட்டினேன்.
அதற்கும் அசையவில்லை.
வெட்கத்தை விட்டுச் சொன்னால்,
கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

சுவருக்கும் காது உண்டு என்பது பழைய கணக்கு.
சுவர் சுடாது.

ஏப்ரல். மலைமேல் சுரங்கத்துக்குப் போடும் சாலையை
மறிக்க ஆள் சேர்க்கிறாள்
கால்நடை மருத்துவர் கனிஷாய்.
ஊரறிந்த ரகசியம்.
வெள்ளி மாலை ஆறுக்கு முப்பத்தொன்பது.
எட்டுக்கு நாற்பத்து மூன்று.
ஒன்பதுக்கு விசிறி ஊளையிட்டது.
கீழ்த்தளக் காவலாளி மூச்சிரைக்க ஏறி வந்து
“பெர்மெத், உள்ளே ஓநாயா வளர்க்கிறாய்?” என்றார்.
நாற்பத்தேழு.
மனிதன் என்றால் செத்திருப்பான்.

போனை எடுத்தேன்.
எடுத்த கை அப்படியே நின்றது.
எதை அனுப்பினாலும்
என் முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி
இந்தப் பெட்டியைத் தொட்டுவிட்டுத்தான் அவளிடம் போகும்.

போனை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு
நடந்தேன். ஆப்பிள் தோட்டத்துப் பின்வழி.
பாதி உருகிய பனி, பாதி சேறு,
இடது காலணிக்குள் இரண்டும்.
அவள் நாய்க்கு என்னைப் பழக்கமில்லை.

வாசலில் ஏழெட்டு ஜோடிக் காலணிகள்.
சமையலறை ஜன்னலில் அவள்,
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
மாவு பிசைந்தபடி
சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

பகலில் பக்கம் பார்த்துப் பேச வேண்டும்,
இரவில் அதுவும் கூடாது.
நான் பேசவில்லை.
குளிர்ந்த கண்ணாடியில் வாய் வைத்து ஊதினேன்.
ஆவி படிந்ததும் விரலால் எழுதினேன்:
ஒரு நாலு, ஒரு ஏழு.

உள்ளேயிருந்து அவளுக்கு
அது இடம் வலம் மாறித் தெரிந்திருக்கும்.
நேராகவே தெரிந்திருந்தாலும்
நாற்பத்தேழு என்றால் என்னவென்று
இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?
அதை எழுதி முடித்த பிறகுதான் யோசித்தேன்.

ஏழின் கால் வழிந்து சட்டத்தைத் தொட்டது.
கனிஷாய் புருவம் சுருக்கிப் பார்த்தாள்,
மாவுக் கையால் போனைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்,
என்னிடம் அல்ல, போனிடம்:
“ஒரு நிமிஷம் இரு. ஜன்னலில் பெர்மெத் நிற்கிறாள்.
அதான், அந்த இணையக் கம்பெனிப் பெண்.”