எவ்ளோ வாங்குன

கேனன் பின் என்போம் நாங்கள்.
நடுவிரல் நீள உருளை, உள்ளே மூன்று ஊசி.
ஒன்றாவது மண்ணுக்கு.
இரண்டும் மூன்றும் ஒரே பேச்சைத்தான் சுமக்கும்,
ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக.
வழியில் ஏறும் டியூப்லைட் இரைச்சல், ஜெனரேட்டர் முனகல்
எதுவானாலும் இரண்டிலும் ஒன்றுபோல ஏறும்.
போய்ச் சேர்ந்த இடத்தில் தலைகீழை நிமிர்த்தினால்
பேச்சு பேச்சோடு கூடிவிடும்,
இரைச்சல் இரைச்சலோடு அடித்துக்கொண்டு சாகும்.
இது புரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை,
அவ்வளவு சந்தோஷம்.

அதெல்லாம் தெரிந்தவன்தான்
ரிச்சி தெருவில் பன்னிரண்டு வாங்கினேன்,
ஒன்று ஐம்பது ரூபாய்.
அசல் இருநூற்றுத் தொண்ணூறு.
கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
"வித்தியாசம் தெரியுதா சார்?" என்றார்.
தெரியவில்லை.
தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

கடலூர் ஓ.டி., கல்யாண மண்டபம்.
ரசாயன ஆலை விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம்.
கம்பெனிக்காரர் இருபது நிமிடம் திரை போட்டுப் பேசினார்.
மேடை மைக்கில் என் பழைய கேபிள். ஒரு கரகரப்பு இல்லை.
பிறகு பெயர் கூப்பிட்டார்கள்.
ராசாப்பேட்டை அஞ்சலாட்சி எழுந்து வந்து
கூட்டத்து மைக்கைச் செவுளில் மீன் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

"எங்க போர் தண்ணியப் புடிச்சி
வெள்ளச் சோத்துல ஊத்துனா"

அவ்வளவுதான்.
உதடு அசைந்துகொண்டே இருந்தது.
ஐந்நூறு தலைகள் மேடையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தன.
"இன்னா மைக்செட்டு, எவ்ளோ வாங்குன?"

நான் வேறு கேபிளோடு ஓடி வருவதற்குள்
அடுத்த பெயர் கூப்பிட்டாயிற்று.
சோற்றுக்கு என்ன ஆயிற்று என்பது குறிப்பேட்டில் இல்லை.
'ஒலிபெருக்கிப் பழுது' என்பது இருக்கிறதாம்.

ராத்திரி கழற்றிப் பார்த்தேன்.
ஒயரைக் கவ்வவேண்டிய பிளாஸ்டிக் பல் விண்டிருந்தது.
ஊசிகள் காந்தத்தில் ஒட்டின. பித்தளை ஒட்டாது.
மூன்று மாதக் கடல்காற்றுக்கே முலாம் உரிந்து
மூன்றாவது ஊசியில் துரு.
மேலே பொறித்த நாட்டின் பெயரில் ஓர் எழுத்து குறைந்தது.
அந்த நாட்டுக்குக் கடலே கிடையாதாம்.
கடல் இல்லாத ஊர்க்காரன் யோசித்திருக்கிறான் துருவை.
தேவனாம்பட்டினத்தில் பிறந்த நான் யோசிக்கவில்லை.

பழைய பில்லைத் தேடினேன். பில்லே இல்லை.
சால்டரிங் அட்டையின் பின்னால் கணக்குப் போட்டேன்.
இருநூற்று நாற்பது, பெருக்கல் பன்னிரண்டு.
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது.
கேட்டார்களே, அதற்கான பதில்.
வாங்கியிருக்கிறேன்.

இப்போது சட்டைப்பையில் காந்தத்தோடுதான் போகிறேன்.
கையில் எடுத்தால் கனம் வேண்டும்.
செருகினால் 'டிக்' ஒருமுறை கேட்கவேண்டும், இரண்டுமுறை கூடாது.
பில் கேட்டதும் முகம் சுருங்கும் கடையில் நிற்பதில்லை.
"வெள்ளி முலாமா, தங்கமா?" என்றார் புதுச் சப்ளையர்.
கடலூர் என்றேன்.
"அப்ப தங்கம்" என்றார், வேறெதுவும் கேட்கவில்லை.

ஆவணியில் அஞ்சலாட்சியே கடைக்கு வந்தார்.
தங்கச்சிக்கு வளைகாப்பு, ரெண்டு பாக்ஸ், ஒரு மைக்.
"இந்த வாட்டி அறுந்துடுமா?"
கேபிளை நீட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.
காலை ஊன்றி, வலைக்கயிற்றை இழுப்பதுபோல இழுத்தார்.
மேஜை நகர்ந்தது. கனெக்டர் விடவில்லை.
"இது அன்னிக்கு எங்க போயிருந்துச்சி?"

சொன்னேன். காந்தம், துரு, கடைசியில் அந்தத் தொகை.
வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.
சற்று யோசித்தார்.
"நாலு கிலோ வஞ்சிரம்" என்றார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்வான்ஸ் ஐந்நூறு எண்ணி வைத்தார்.
நகரவில்லை.
ரசீது வேண்டுமாம்.